ஸ்கோப்பில் குறும்படம்: எடிட்டில் கறுப்புப் பட்டை வைத்தால் போதுமா?

#1 நிழல்வரி

வணக்கம் நண்பர்களே.

14 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டு இப்போது எடிட்டில் இருக்கிறேன். அப்பா, மகள், ஒரு வீடு, அவ்வளவுதான். வீட்டைக் காலி செய்ய மகள் வந்திருக்கிறாள். அவர் கிளம்ப மாட்டேன் என்கிறார்.

எழுதும்போதே ஸ்கோப்பில்தான், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலமுள்ள திரையளவில்தான், மனதில் ஓடியது. காலியான கூடத்தில் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவள், நடுவே வெறும் தரை. அந்த வெறும் தரைக்காகத்தான் இந்தப் படமே. ஆனால் படப்பிடிப்பில் 4கே, 16:9-ல் கேமராவை ஓடவிட்டோம். மானிட்டரில் கோடு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எடிட்டில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நேற்று 2.39-க்குப் பட்டை வைத்துப் பார்த்தேன். கூடத்து வைட் ஷாட் (கூடம் முழுவதையும் காட்டுவது) மட்டும் நினைத்தபடியே இருக்கிறது. மிட் ஷாட்டுகளில் தலை புருவத்தோடு நின்றுவிடுகிறது. மாடிப்படியில் அப்பா இறங்கி வரும் ஷாட்டில் முதல் நான்கு படிவரை அவருக்கு முகமே இல்லை, இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறது. கடைசியில் மகள் குனிந்து சாவியைத் தரையில் வைப்பாள். படத்தின் முடிவே அதுதான். சாவி பட்டைக்குள் போய்விட்டது.

மூன்று மாத உழைப்பு. இதை எடிட்டிலேயே சரிசெய்ய முடியுமா, இல்லை ஸ்கோப்பை விட்டுவிட்டு 16:9-லேயே முடிப்பதா?

#2 மேசைவிளக்கு

பதற வேண்டாம். போனதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

3840 அகலத்தை 2.39-ஆல் வகுத்தால் 1606.7 வரும். 1608 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2160-ல் 1608 போக மிச்சம் 552 வரி. மேலே 276, கீழே 276. உயரத்தில் கால்வாசிக்கும் கொஞ்சம் கூடவே போய்விட்டது. அகலத்திலோ ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை. பட்டை வைத்தால் படம் அகலமாகாது, குட்டைதான் ஆகும். நீங்கள் முழு 2160 வரிக்கும் ஃப்ரேம் வைத்து எடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் தலையும் சாவியும் போயின.

ஆனால் போன அந்த 552 வரியும் ஃபைலில் அப்படியே இருக்கிறது. பட்டை நகராமல் இருக்கட்டும், அடியில் இருக்கும் ஷாட்டை மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் பொசிஷன் ஒய்-யை (மேல்-கீழ் இடத்தைக் குறிக்கும் எண்) மட்டும் மாற்றினால் போதும். மிட் ஷாட்டில் தலை வெட்டுகிறதா, படத்தைக் கீழே இறக்குங்கள். 16:9-ல் தலைக்கு மேல் நீங்கள் விட்டிருந்த இடம் இப்போது உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் நெற்றி தேவை. அது வந்துவிடும். பதிலுக்கு மார்புக்குக் கீழே கொஞ்சம் போகும், யாரும் தேட மாட்டார்கள்.

மாடிப்படி ஷாட்டுக்குக் கீஃப்ரேம் வையுங்கள், அதாவது எந்த நொடியில் படம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று குறியுங்கள். ஆரம்பத்தில் படத்தை 276 கீழே இறக்கி மேல்படியைக் காட்டுங்கள். அவர் இறங்க இறங்கப் படமும் மேலே ஏறி, கடைசிப் படியில் எதிர்ப்பக்கம் 276-க்கு வந்து நிற்கட்டும். பார்ப்பவருக்கு இது கேமரா மெதுவாகக் குனிவது போலவே இருக்கும். ஒரே ஒரு கண்டிப்பு: அவர் முதல் அடி எடுத்து வைத்த பிறகுதான் நகர்வு தொடங்க வேண்டும், அவர் நிற்பதற்கு ஒரு கணம் முன்னால் முடிந்துவிட வேண்டும். இரண்டு முனையிலும் ஈஸ் கொடுங்கள், நகர்வு மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியட்டும். அவர் அசையாதபோது ஃப்ரேம் அசைந்தால் திருட்டு தெரிந்துவிடும்.

சாவி ஷாட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. முகமும் சாவியும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் கஷ்டம்தான்.

பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 4கே கிளிப்பை 1920 டைம்லைனில் போடும்போது ‘ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்’ கொடுக்காதீர்கள், ‘செட் டு ஃப்ரேம் சைஸ்’ கொடுங்கள். முதலாவது படத்தை டைம்லைன் அளவுக்கே மாற்றிக்கொண்டுவிடும், பிறகு பெரிதாக்கினால் மங்கும். இரண்டாவதில் ஸ்கேல் 50 என்று மாறும், 4கே-யின் விவரம் முழுக்க கையில் இருக்கும். பெயர் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் பலர் தவறானதை அமுக்கிவிடுகிறார்கள்.

#3 சதுரம்

கொஞ்சம் நேரடியாகவே கேட்கிறேன் நிழல்வரி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதைக்கு ஸ்கோப் எதற்கு?

வீட்டுக்குள் நடக்கும் கதை. கதவு, ஜன்னல், தூண், நிற்கிற மனிதன் எல்லாமே செங்குத்து. உங்கள் முக்கியமான இரண்டு ஷாட்டும், படி இறங்குவதும் குனிந்து வைப்பதும், மேலிருந்து கீழே போகிறவை. அவற்றைக் குட்டையான சட்டத்துக்குள் திணித்துவிட்டு வெட்டுப்படுகிறதே என்று வருந்துகிறோம். மேலும் கீழும் கறுப்பு இருந்தாலே சினிமா போலத் தெரிகிறது என்ற எண்ணம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. ஐரோப்பாவில் எத்தனையோ படங்களை 1.66-ல் எடுத்திருக்கிறார்கள், அவற்றுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. எடுத்தபடியே 16:9-ல் முடிக்கலாம் என்பது என் கருத்து.

#4 நிழல்வரி

இரவு முழுக்க இந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் சதுரம். நியாயமான கேள்வி.

காலையில் கூடத்து வைட் ஷாட்டை இரண்டு அளவிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். 16:9-ல் கண் முதலில் உத்தரத்துக்குப் போகிறது, பிறகு தரைக்கு வருகிறது. வீடு பெரிதாகத் தெரிகிறது, மனிதர்கள் சின்னதாகத் தெரிகிறார்கள். பட்டை வைத்ததும் உத்தரம் போய்விடுகிறது. மேலே பார்க்க ஒன்றுமில்லாததால் கண் அவரிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து அவருக்கும் போய்வருகிறது. நடுவிலுள்ள தூரம் ஒவ்வொரு முறையும் உறைக்கிறது. வீடு பெரிது என்று சொல்ல நான் இந்தப் படத்தை எடுக்கவில்லை, அவர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

அதனால் ஸ்கோப்பை விட மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு ஷாட்டுக்காக மட்டும் யோசித்துவிட்டு, மற்ற ஷாட்டுகளை வழக்கப்படி எடுத்துவிட்டேன் என்பது புரிகிறது.

#5 ஐம்பது_எம்எம்

நிழல்வரி, கடைசி வரியில் சொல்லியிருக்கீங்களே, அதுதான் விஷயம். அளவை முடிவு பண்றதுன்னா ஆள் எங்கே நிக்கணும், எங்கே உக்காரணும்னு முடிவு பண்றது. அது ரிகர்சல்லயே நடக்கணும்.

ஒரு கணக்கு சொல்றேன். ஒரு ஆளைத் தலையிலிருந்து கால்வரை காட்டணும். 16:9-ல ஒரு லென்ஸ் போட்டு மூணு மீட்டர்ல நின்னு எடுக்கறீங்கன்னு வைங்க. அதே லென்ஸ்ல 2.39-க்கு அதே ஆள் முழுசா வரணும்னா நாலு மீட்டர் தூரத்துக்குப் பின்னால போகணும். 1.34 மடங்கு. வீட்டுக்குள்ள அந்த ஒரு மீட்டர் எங்கே கிடைக்கும்? சுவர்தான் இருக்கும். உடனே வைட் லென்ஸ் மாட்டுவோம், மூலையெல்லாம் வளையும், ஓரத்துல நிக்கிறவர் முகம் இழுபடும். ஸ்கோப்ல முக்கியமான ஆள் அடிக்கடி ஓரத்துலதான் நிப்பார், அதனால இந்த இழுபடல் ரொம்ப உறுத்தும்.

அதனால வீட்டுக்குள்ள ஸ்கோப் எடுக்கறவங்க முழு ஆளைக் காட்டுற ஆசையைக் குறைச்சுக்கறது நல்லது. நிக்க வைக்கிறதுக்குப் பதிலா உக்கார வைங்க, சாய வைங்க, கேமராவையும் அந்த உயரத்துக்கு இறக்குங்க. ரெண்டு பேர் பேசுற காட்சின்னா ஒருத்தர் உக்காந்து ஒருத்தர் நின்னா ரெண்டு முகமும் ஒரே மட்டத்துல வராது, ஃப்ரேம்ல ஒருத்தர் போயிடுவார். நிக்கிறவரைப் பின்னால தள்ளி நிறுத்துங்க, தூரத்துல ஆள் சின்னதாகறதால முழுசா உள்ளே வந்துடுவார். ஆழத்தைப் பயன்படுத்திட்டீங்கன்னா உயரப் பிரச்சினை பாதி தீரும்.

க்ளோஸ்-அப்ல நெற்றி போகலாம், தாடை போகக் கூடாது. கண்ணை மேல் மூணுல ஒரு பங்குக் கோட்டுல வைச்சா நெற்றி வெட்டுப்பட்டது யாருக்கும் தெரியாது. தாடை வெட்டினா வாய் அசையறது ஃப்ரேம் விளிம்புல இடிச்ச மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு. 16:9-ல ரெண்டு முகம் பெரிசா வேணும்னா கட் பண்ணித்தான் ஆகணும். ஸ்கோப்ல ரெண்டு முகத்தையும் ஒரே ஃப்ரேம்ல க்ளோஸா வைக்கலாம். சஜஷன் ஷாட்ல (ஒருத்தர் தோளுக்குப் பின்னாலிருந்து எதிராளியைக் காட்டுறது) தோள் மூணுல ஒரு பங்கை அடைச்சாலும் எதிராளிக்கு இடம் தாராளமா இருக்கும். அதனால கட் குறையும், நடிகர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நடிக்கிற நேரம் கூடும். எனக்கு ஸ்கோப் பிடிக்கக் காரணமே இதுதான்.

சாவி ஷாட்டைப் பத்தி: முகம் மேல, சாவி கீழன்னு நிமிர்த்தி வைச்சிருக்கீங்க. அதைப் படுக்க வைங்க. கேமராவைத் தரையோட தரையா வைச்சு, வலது ஓரத்துல சாவி பெரிசா, இடது பக்கம் கொஞ்சம் தள்ளி அவள் மண்டி போட்டுக் குனியட்டும். குனியும்போது முகமே ஃப்ரேமுக்குள்ள இறங்கி வரும். முதல்ல கை, அப்புறம் முடி, அப்புறம் முகம். மறுபடி ஒரு நாள் அந்த வீடு கிடைச்சா இந்த ஒரு ஷாட்டை மட்டும் எடுத்துடுங்க. கேமராவுலேயே ஃப்ரேம் மார்க்கர் இருக்கும், 2.39-ஐத் தேர்ந்தெடுங்க. இல்லேன்னா மானிட்டர்ல கறுப்பு டேப் ஒட்டுங்க, அது போதும்.

#6 புதுவரவு

அருமையான இழை. ஒரு அடிப்படைச் சந்தேகம் கேட்கலாமா? சிலர் 2.35 என்கிறார்கள், சிலர் 2.39, சிலர் 2.40. எது சரி? அனமார்ஃபிக் லென்ஸ் இல்லாமல் எடுத்தால் அது உண்மையான ஸ்கோப் இல்லை என்று ஒருவர் சொன்னார், அது சரியா?

#7 புரொஜக்டர்_அறை

எண்களைப் பற்றி நான் சொல்கிறேன், லென்ஸை ஐம்பது_எம்எம் பார்த்துக்கொள்வார்.

1953-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. வீட்டுத் தொலைக்காட்சி தரமுடியாத ஒன்றைத் திரையரங்கில் தர வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். பிரெஞ்சு விஞ்ஞானி ஆன்றி கிரெத்தியேன் 1920-களிலேயே செய்துவைத்திருந்த லென்ஸ்தான் அதற்கு அடிப்படை. காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி வழக்கமான 35 மிமீ ஃபிலிமில் பதிவு செய்வார்கள். புரொஜக்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். இப்படி நெருக்கும் லென்ஸைத்தான் அனமார்ஃபிக் என்கிறோம். தொடக்கத்தில் ஒலி காந்தப் பட்டையில் இருந்ததால் படத்துக்கு 2.55 வரை இடம் கிடைத்தது. ஃபிலிமின் ஓரத்தில் ஒளிவழி ஒலித்தடம் வந்து உட்கார்ந்ததும் படம் 2.35-க்குச் சுருங்கியது.

அந்த ஃப்ரேமில் இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு. நெகட்டிவை ஒட்டிய இடம் திரையின் மேல், கீழ் விளிம்பில் பளிச்சென்று வெட்டும். அதை மறைக்க 1970-ஐ ஒட்டி புரொஜக்ஷன் உயரத்தைச் சற்றுக் குறைத்துத் தரப்படுத்தினார்கள். அப்போது வந்ததுதான் 2.39. வாய்ப்பழக்கத்தில் 2.35 என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. 2.40 என்பது 2.39-ஐ முழுமைப்படுத்திச் சொல்வது. எச்டி-யில் 1920×800 என்றால் சரியாக 2.40, 1920×804 என்றால் 2.39. டிஜிட்டல் திரையரங்கில் ஸ்கோப் என்றால் 2கே-யில் 2048×858, 4கே-யில் 4096×1716. இன்று யாராவது 2.35 என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

16:9-க்கும் ஒரு கதை உண்டு. அது எந்தத் திரைப்படத்துக்காகவும் பிறந்த அளவு இல்லை. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், அப்போது புழக்கத்திலிருந்த எல்லா அளவுகளையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் வெளியிலிருந்து சூழும் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே அமையும் செவ்வகமும் கிட்டத்தட்ட 1.78 என்ற ஒரே விகிதத்தில் வந்தன. பழைய டிவியின் 4:3-க்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சமரசம் அது. நம் கேமராக்களெல்லாம் அந்தச் சமரசத்தில்தான் பதிவு செய்கின்றன.

#8 ஐம்பது_எம்எம்

புதுவரவு, அனமார்ஃபிக் இல்லாட்டி ஸ்கோப் இல்லைங்கிறது சரியில்லை. சாதாரண லென்ஸ்ல எடுத்து மேல் கீழ் வெட்டி ஸ்கோப் ஆக்கறது ஃபிலிம் காலத்திலேயே உண்டு. சூப்பர் 35 அப்படித்தான். 1960-ல வந்த டெக்னிஸ்கோப், ஃப்ரேமுக்கு ஃபிலிம் ஓரத்துத் துளை நாலுக்குப் பதிலா ரெண்டே துளை உயரம் எடுத்து ஃபிலிமைப் பாதியா மிச்சம் பண்ணிச்சு.

அனமார்ஃபிக் வேற மாதிரி தோற்றம் தரும். பின்னால மங்கற விளக்கு வட்டமா இல்லாம முட்டை மாதிரி நிமிர்ந்து நிக்கும், வெளிச்சம் லென்ஸ்ல பட்டா குறுக்கே கோடா ஓடும். ஆனா எந்த லென்ஸை எந்த சென்சார்ல போடறோம்னு பார்க்கணும். 2 மடங்கு லென்ஸை 16:9-ல போட்டா 3.56 வரும், ரொம்ப அகலம், ரெண்டு பக்கமும் வெட்டித்தான் ஆகணும். அதை 4:3-ல போட்டா 2.67. 1.33 மடங்கு லென்ஸ்தான் 16:9-க்குப் பொருந்தும், 2.37 வரும், ஏறக்குறைய வெட்டவே வேண்டாம். எடிட்ல ஒவ்வொரு கிளிப்பையும் கையால இழுக்காதீங்க. கிளிப்போட பிக்சல் ஆஸ்பெக்ட் (பிக்சலோட அகல-உயர விகிதம்) அமைப்புல ஒரே தடவை சொல்லிட்டா எல்லாம் சரியா விரியும்.

முதல் படத்துக்கு நான் சொல்றது சாதாரண லென்ஸ்தான். நிழல்வரிக்கு இப்ப மேல கீழ நகர்த்த 552 வரி இருக்கே, 1.33 அனமார்ஃபிக்ல எடுத்திருந்தா அது இருந்திருக்காது.

#9 காதுகொடு

சவுண்ட் பக்கத்திலிருந்து ஒன்று. ஸ்கோப் எடுப்பது எங்களுக்கு வரம். பூம் மைக் (நீளக் கம்பில் கட்டித் தலைக்கு மேலே பிடிப்பது) இன்னும் ஒரு சாண் கீழே வரலாம், குரல் அவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும். ஆனால் மானிட்டரில் கோடு இருந்தால்தான் எவ்வளவு இறக்கலாம் என்று எங்களுக்குத் தெரியும். கேமரா உதவியாளரிடம் ‘எல்லை எங்கே’ என்று ஷாட்டுக்கு ஷாட் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மைக்கை 16:9-க்குள் இறக்கிவிட்டால், பிறகு ஷாட்டைக் கீழே நகர்த்தும்போது மைக் எட்டிப்பார்க்கும். நிழல்வரி, ஒய்-யை நகர்த்திய பிறகு ஒவ்வொரு ஷாட்டின் மேல் விளிம்பையும் முதல் ஃப்ரேம் முதல் கடைசி ஃப்ரேம் வரை ஓட்டிப் பாருங்கள். ட்ரெய்லரைப் போனுக்காக நிமிர்ந்த 9:16-ல் வெட்டும் எண்ணம் இருந்தால் முழு உயரமும் தேவைப்படும். 1608 வரியிலிருந்து எடுத்தால் 904 அகலம்தான் கிடைக்கும், 2160-லிருந்து எடுத்தால் 1215.

#10 புரொஜக்டர்_அறை

எக்ஸ்போர்ட் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு என் குறும்படத்தை ஒரு விழாவுக்கு அனுப்பினேன். 1920×1080 ஃபைல், மேலும் கீழும் கறுப்புப் பட்டை படத்தோடு சேர்ந்தே பதிந்தது. அந்த அரங்கத் திரை ஸ்கோப் அளவு. என் ஃபைலை 16:9 படமாக எடுத்துக்கொண்டு திரையின் நடுவில் காட்டினார்கள். இரண்டு பக்கமும் காலி, மேலும் கீழும் என் பட்டை. நாலு பக்கமும் கறுப்பு சூழ, நடுவில் ஒரு தபால்தலை போல என் படம். அகலத்துக்காகவே எடுத்த படம், அன்று திரையிட்டதிலேயே சின்னதாகத் தெரிந்தது அதுதான். பின்வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதனால் பட்டையை ஃபைலுக்குள் வைக்காதீர்கள். டைம்லைனையே 3840×1608 ஆக்கிவிடுங்கள். திரையரங்குக்கு டிசிபி (டிஜிட்டல் திரையரங்குக்கான ஃபைல் தொகுப்பு) செய்யும்போது ஸ்கோப் கன்டெய்னர், அதாவது ஸ்கோப் அளவுச் சட்டம், என்று எழுத்தில் சொல்லுங்கள். 3840×1608-ஐச் சுருக்கினால் 2048×858-க்குள் பிசகில்லாமல் உட்காரும்.

இணையத்துக்கும் அப்படித்தான். யூடியூப் எந்த அளவையும் ஏற்றுக்கொண்டு, தேவையான கறுப்பைத் தானே போட்டுக்கொள்ளும். 2400×1080 போன் ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள். பட்டை பதிந்த 16:9 ஃபைல் என்றால் உங்கள் படத்துக்கு 1920 பிக்சல் அகலம்தான் கிடைக்கும், நாலு பக்கமும் கறுப்பு. பட்டை இல்லாத ஃபைல் என்றால் முழு 2400-ம் கிடைக்கும். அகலத்தில் 25 சதவீதம் பெரிய படம், ஒரு அமைப்பை மாற்றியதால் மட்டும்.

உயரம் இரட்டைப்படையில் இருக்கட்டும். வழக்கமான எக்ஸ்போர்ட்டில் நிறத் தகவலை இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் சேமிக்கிறார்கள். 1607 என்று கொடுத்தால் ரெண்டர் நின்றுபோகலாம், அல்லது விளிம்பில் ஒரு வரி கூடவோ குறையவோ செய்யும். மேசைவிளக்கு 1608 சொன்னது அதனால்தான், பாதியாக்கினாலும் 804 என்று இரட்டைப்படையாகவே வரும்.

சப்டைட்டிலைக் கறுப்புக்குள் போடுவது அழகாகத் தெரியும், ஆனால் செய்யாதீர்கள். ஸ்கோப் கன்டெய்னருக்குப் போகும்போது கறுப்பு வெட்டுப்படும், எழுத்தும் அதோடு போய்விடும். படத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

#11 நிழல்வரி

ஐந்து நாளாக 138 ஷாட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒய் நகர்த்தினேன். சாவி ஷாட் தவிர எல்லாம் உயிர்பிழைத்துவிட்டன. இரண்டு இடத்தில் பூம் மைக் எட்டிப்பார்த்தது, காதுகொடு சொல்லியிருக்காவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன். ஒன்றை நகர்த்தலைக் குறைத்துச் சரிசெய்தேன், இன்னொன்றில் 106 சதவீதம் பெரிதாக்கினேன். மாடிப்படி ஷாட் மேசைவிளக்கு சொன்னபடியே வந்திருக்கிறது. எங்கள் ஒளிப்பதிவாளரே இதை எப்போது டில்ட் பண்ணினோம் (கேமராவைக் குனித்தோம்) என்று கேட்டார்.

புதுச் சிக்கல். லேப்டாப்பில் சரியாக இருந்த வாக்குவாதக் காட்சியை நேற்று புரொஜக்டரில் சுவரில் போட்டுப் பார்த்தோம். அப்பா இடது ஓரம், மகள் வலது ஓரம், மாறி மாறிக் கட். சின்னத் திரையில் வேகமாக, நன்றாக இருந்தது. சுவரில் பார்த்தபோது கண் வலித்தது. அவர் பேசிய முதல் வார்த்தை போன பிறகுதான் நான் அவரைக் கண்டுபிடிக்கிறேன்.

#12 மேசைவிளக்கு

மிக நல்ல காரியம் செய்தீர்கள். ஸ்கோப் எடிட்டைப் பெரிதாகப் போட்டுப் பார்க்காமல் பூட்டவே கூடாது.

நடப்பது இதுதான். கட் விழும்போது பார்ப்பவரின் கண் ஏற்கெனவே ஒரு இடத்தில் நிற்கிறது. புது ஷாட்டில் முக்கியமானது வேறு எங்கோ இருந்தால் கண் அங்கே ஓட வேண்டும். லேப்டாப்பில் அது ஒரு விரல் தூரம், பெரிய திரையில் ஒரு பயணம். ஒவ்வொரு கட்டுக்கும் இந்தப் பயணம் என்றால் வசனம் காதில் விழுந்தும் மனதில் விழாது.

டைம்லைனில் ஒவ்வொரு கட்டிலும் நின்று, வெளியேறும் ஷாட்டின் கடைசி ஃப்ரேமில் கண் எங்கே இருக்கிறது என்று திரையில் விரல் வையுங்கள். அடுத்த ஃப்ரேமுக்குப் போங்கள். விரலுக்குப் பக்கத்தில் முகமோ கையோ அசைவோ ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் மூன்று வழி. கட்-ஐ ஆறேழு ஃப்ரேம் முன்னால் தள்ளி, வசனம் தொடங்கும் முன்பே கண் போய்ச்சேர நேரம் கொடுக்கலாம். அல்லது வெளியேறும் ஷாட்டில் அவர் தலை திரும்பும் இடத்தில் வெட்டலாம், பார்வையே நம்மை எதிர்ப்பக்கம் அழைத்துப்போகும். மூன்றாவது, வெட்டாமல் விடுவது. உங்களிடம் இருவரும் இருக்கும் வைட் இருக்கிறதே, வாக்குவாதத்தின் பாதியை அதிலேயே ஓடவிடுங்கள். நடுவிலுள்ள வெறும் தரைக்காகத்தான் இந்தப் படம் என்று முதல் பதிவில் சொன்னீர்கள். மாறி மாறி வெட்டும்போது அந்தத் தரை திரையில் இல்லவே இல்லை.

வெட்டாமல் விட்ட அந்த நேரம் நீளமாகத் தெரியும், லேப்டாப்பில் பார்க்கும்போது கட் பண்ணக் கை போகும். கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு சுவரில் ஒருமுறை பாருங்கள்.

#13 சதுரம்

நான் 16:9 என்று சொன்னவன். நிழல்வரி #4-ல் சொன்ன காரணத்தைப் படித்ததும் எதிர்ப்பு பெரும்பாலும் போய்விட்டது. இருந்தாலும் இன்னொரு வழியையும் முயன்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்: 2.00. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 1998-ல் முன்வைத்த அளவு. 3840×1920, மேலும் கீழும் 120 வரிதான் போகும். சாவி ஷாட்டில் இரண்டும் பிழைக்கலாம்.

#14 நிழல்வரி

முயன்றேன் சதுரம், உண்மையிலேயே நன்றி. சாவி பிழைத்தது. ஆனால் கூடத்து வைட்டில் உத்தரத்தின் கீழ்விளிம்பு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்ததும் 2.39-தான் என்று முடிவாகிவிட்டது.

இன்னொரு சின்னத் தொல்லை. வண்ணம் பார்க்க இப்போதைக்குப் பட்டை வரைந்த பிஎன்ஜி படத்தை மேலே வைத்திருக்கிறேன். பட்டை சுத்தக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. மாடிப்படி ஷாட்டில் பட்டையின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மினுங்குகிறது.

#15 மேசைவிளக்கு

சாம்பலுக்குக் காரணம் அடுக்கு வரிசை. கறுப்பைச் சற்று வெளிறச் செய்யும் கலர் லேயரோ கிரெய்னோ (ஃபிலிம் போன்ற பொடிப்புள்ளி) பட்டைக்கு மேல் அடுக்கில் இருந்தால் அது பட்டையையும் சேர்த்துத் தூக்கும். பட்டை எல்லாவற்றுக்கும் மேலே போகட்டும். கோடு மினுங்குவது பிஎன்ஜி-யை 100 சதவீதத்தில் வைக்காமல் இழுத்ததால் இருக்கும், விளிம்பு வரி பாதி ஒளிபுகும்படி ஆகிவிடும். எடிட் செய்வது டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் என்றால் பிஎன்ஜி-யே வேண்டாம், டைம்லைன் மெனுவில் பட்டையைத் தானே போடும் அவுட்புட் பிளாங்கிங் 2.39 இருக்கிறது. கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் அதையும் எடுத்துவிட்டு டைம்லைனை 1608-க்கு மாற்றுவதை மறக்க வேண்டாம்.

#16 நிழல்வரி

அந்த வீடு இரண்டு மணி நேரத்துக்கு மறுபடி கிடைத்தது. நேற்றுப் போய் சாவி ஷாட்டை மட்டும் எடுத்தோம். மானிட்டரில் மேலும் கீழும் கறுப்பு டேப். கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, மடித்த துணி மேல் தரையில் வைத்தோம். முதல் டேக்கில் சாவி ஃப்ரேமின் நடுவில் இருந்தது, அவள் குனிந்ததும் முகத்தை மறைத்தது. வலது ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளினோம். நான்காவது டேக்கில் ஐம்பது_எம்எம் சொன்ன அதே வரிசை: கை, முடி, முகம். கன்னம் ஏறக்குறையத் தரையைத் தொடுகிற உயரத்தில் அவள் நின்றாள். சாவிக்கும் முகத்துக்கும் நடுவே அதே கூடத்துத் தரை, முழுக்க வெறுமையாக.

அவள் எழுந்து போன பிறகும் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. வலது ஓரத்தில் சாவி மட்டும், இடது பக்கம் முழுக்க ஒன்றுமில்லாமல் 11 நொடி ஓடியிருக்கிறது. எடிட்டில் முழுசாக வைத்திருக்கிறேன். இன்றிரவு சுவரில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.